பேரனிடம் கேட்கக் கூடாத கேள்வி

"செத்துப்போனால் நல்லது என்று பாட்டிக்கு எப்போதாவது தோன்றுகிறதா? கேட்டுச் சொல்." வைத்தியர் இதைச் சிங்களத்தில் கேட்டது பன்னிரண்டு வயதுப் பையனிடம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நின்றிருந்த அவன் பாட்டியின் முகத்தைப் பார்த்தான். மேசையில் கிடந்த கிளினிக் கொப்பியைப் பார்த்தான். பாட்டியிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், இல்லை என்று தானே பதில் சொல்லிவிட்டான். வைத்தியரும் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

இந்த முறை ஊர்ப் பயணத்தில் மற்றதெல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அதை எழுதப் போவதில்லை. டொரொன்டோவுக்குத் திரும்பி வந்த பிறகும் அந்த அறைதான் கண்ணுக்குள் நிற்கிறது.

நோயாளி என் அத்தை. இலங்கையின் மலையகத்தில், ஊவாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியபோது, அவருடைய அக்கா அங்கேதான் இருந்தார். அதன் பிறகும் அத்தை வேலைக்குப் போனார், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார், தீமிதிக்கு மாவிளக்கு எடுத்தார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைகள் மறுபடியும் சரியத் தொடங்கியதும், பதினொரு வருடம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. தகரக் கூரையில் மழை விழுந்தால் அவர் படுப்பதில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றிய அடையாள அட்டையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். மலையகத் தமிழருக்கு 1948இல் பறிபோன பிரஜாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது என்பது நம்மவர்களுக்குத் தெரியும். ஓடுகிற நேரத்தில் அந்தத் தலைமுறை எதைக் கையில் எடுக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டு வாங்கி, முதல் பஸ் பிடித்து, நகரத்து அரச வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்குப் போனோம். அழைத்துப் போன மைத்துனிக்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போயிற்று. பையனுக்குப் பள்ளிக்கூடம் போயிற்று. வீட்டில் சிங்களம் சரளமாகப் பேசக்கூடியவன் அவன்தான் என்பதால் ஒவ்வொரு கிளினிக்குக்கும் அவனைத்தான் கூட்டிப்போகிறார்களாம். ஓர் அறையில் இரண்டு மேசைகள். கதவைச் சாத்துவதில்லை. வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பக்கத்து டிவிஷன்காரர்கள். அத்தை உள்ளே என்ன சொன்னாலும், அவர் வீடு வந்து சேருமுன் கோயிலடிக்குச் செய்தி போய்விடும்.

வைத்தியரை நான் குறை சொல்லமாட்டேன். தென்பகுதியிலிருந்து நியமனம் பெற்று வந்த இளைஞர். "சாப்பாடு இருக்கிறதா? தூக்கம் இருக்கிறதா?" என்ற இரண்டையும் தமிழில் கற்றுவைத்திருக்கிறார். ஒவ்வொரு நோயாளியிடமும் முகம் பார்த்துத்தான் கேட்கிறார். அதற்கு மேல் போக அவருக்கு யாரும் வழி செய்து கொடுக்கவில்லை.

நான் ஆங்கிலத்தில் பேசட்டுமா என்று கேட்டேன். அவருக்கு அவ்வளவு நிம்மதி. பையனை வெளியே அனுப்பிவிட்டு அதே கேள்வியை நான் அத்தையிடம் கேட்டேன். என் கையைத் தட்டிக்கொடுத்து, "ஒன்றுமில்லை மகள், வயதாகிவிட்டது, அதுதான் தூக்கமில்லை" என்றார். கனடாவிலிருந்து வந்த அண்ணன் மகளிடம் அவர் வேறு என்ன சொல்வார்? என் மாமியாருக்கு ஸ்காபரோவில் மனச்சோர்வு வந்தபோது, தொலைபேசியின் மறுமுனையில் முகம் தெரியாத ஒரு தமிழ்ப் பெண் மொழிபெயர்த்தார். நீங்கள் சொல்வது இந்த அழைப்பைத் தாண்டிப் போகாது என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். நாங்கள் எல்லோரும் வெளியே காத்திருந்தோம். அந்த ஒரு தொலைபேசி இங்கே இருந்திருக்கக் கூடாதா என்று மனம் கொதித்தது.

அப்போதுதான் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். சிற்றூழியர், நம்மவர், ஐம்பது வயதிருக்கும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார், கையைத் துடைத்தார், "அக்கா, கொஞ்சம் குழாயடிக்கு வாருங்கள்" என்று அத்தையைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போதே அவர் கேட்டது என் காதில் விழுந்தது: "கோடாங்கியிடம் போனீர்களா? என்ன சொன்னார்?"

அந்தக் கேள்வியில் ஏளனம் துளியும் இல்லை. எங்கள் வீட்டில் கோடாங்கி வந்து உடுக்கடித்ததும், செத்துப்போன அக்காதான் வந்து நிற்கிறாள் என்று குறி சொன்னதும், திருநீறு பூசிய கையோடு மாத்திரைகளைப் பரணில் ஏற்றியதும் எல்லோருக்கும் தெரியும். வைத்தியரிடம் அதை யாரும் சொல்லவில்லை, திட்டுவார் என்ற பயம். அவர் கேட்கவும் இல்லை. ஆனால் மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்விக்கு விடை அந்தப் பரணில்தான் இருந்தது. கோடாங்கியிடம் போவதை நான் பிழையென்று சொல்லமாட்டேன். உடுக்குச் சத்தம் கேட்ட இரவில் அத்தை தூங்கினார். ஊரே கூடி ஒருத்தியின் துக்கத்தைக் கேட்டதே, அதுவும் ஆறுதல்தான். அதைக் கேட்டறிந்து, மாத்திரையையும் விடாமல் எடுக்கச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும்.

குழாயடியில் அத்தை நெடுநேரம் பேசினார், அழுதார், முகம் கழுவினார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அது என் காதுக்கு உரியதும் அல்ல. பிறகு அந்தப் பெண் வைத்தியரிடம் போய், கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். வைத்தியர் அத்தையை மறுபடி உள்ளே கூப்பிட்டார். பழைய குறிப்பை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார், மருந்தை மாற்றினார், உளவள ஆலோசனைக்குத் தனியாகத் திகதி கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் அத்தை என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

அந்தப் பெண்ணுக்கு இது வேலையல்ல. இதற்கு ஒரு சதம் கிடையாது. அன்று அவர் விடுமுறையில் இருந்திருந்தால், பையன் சொன்ன "இல்லை" தான் கொப்பியில் இருந்திருக்கும்.

நாட்டில் ஒன்றுமே இல்லை என்று நான் எழுதவரவில்லை. மனநோய்ச் சட்டம் இன்னும் 1873ஆம் ஆண்டு வேரில்தான் நிற்கிறது. ஆனாலும் 2005ஆம் ஆண்டு மனநலக் கொள்கைக்குப் பிறகு, "அங்கொடை மனநோய் வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று நடுங்கிய காலம் மாறிக்கொண்டு வருகிறது. மாவட்டங்களிலேயே வைத்தியரைப் பார்க்க முடிகிறது. ஒன்ராறியோவில் மனநல வைத்தியரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். ஊரில் அன்றைக்கே பார்த்தார்கள், பணமும் கேட்கவில்லை. கனடாவின் 988 உதவி இலக்கம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் பேசுகிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் தமிழிலேயே பேசலாம். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பராவில், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம் இருமுவது கேட்கும் இடத்தில், ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் எங்கே நின்று அந்த இலக்கத்தை அழைப்பாள்? தோட்டத்துக்கே ஆள் வர வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலோ, கோயில் மண்டபத்திலோ கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் இடம் வேண்டும்.

தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. வைத்தியசாலைப் பெயர்ப்பலகையிலும் அழகாக இருக்கிறது. உயர்தரம் படித்து, இரண்டு மொழியும் தெரிந்து, கொழும்பில் கடைகளில் நின்று சம்பளம் வாங்கும் பிள்ளைகள் எத்தனை பேர் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள்! அவர்களுக்கு முறையான பயிற்சியும் நியமனமும் கொடுத்து ஒவ்வொரு மனநல கிளினிக்கிலும் அமர்த்த வேண்டும் என்று மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஊவாவிலும் மத்திய மாகாணத்திலும் சொந்தம் உள்ளவர்கள் நீங்களும் எழுதுங்கள். அடுத்த முறை உங்கள் அம்மாவையோ அத்தையையோ கிளினிக்குக்குக் கூட்டிப்போனால், வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க நிறுத்தாதீர்கள். தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ இருக்கிறாரா என்று வாசலிலேயே கேளுங்கள்.