வாக்குச்சாவடியில் பென்சிலா, பேனாவா?

பிரிட்டனில் வாக்களிக்கும் மறைவிடத்தில் நூலில் கட்டிய குட்டிப் பென்சில் ஒன்று கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது பற்றி 2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், ‘அழித்துவிடுவார்கள், பேனா கொண்டுபோங்கள்’ என்று சமூக ஊடகங்களில் ஒரே கூச்சல். சட்டமோ இரண்டையும் ஏற்கிறது; சொந்தப் பேனாவால் போட்ட குறியும் செல்லும்.

பேனாவின் பலம் ஒன்றே: எளிதில் அழியாது. ஆனால் மை கசியும், உலர்ந்தும் போகும். ஈரத்தோடு சீட்டை மடித்தால் குறியின் தடம் இன்னொரு வேட்பாளரின் கட்டத்தில் பதியலாம். வாக்கு யாருக்கு என்று புரியாவிட்டால் சீட்டே செல்லாமல் போகும். பென்சிலில் இந்த வம்பு இல்லை. எடுத்து வைத்து, அடுத்த தேர்தலுக்குச் சீவிக்கொள்ளலாம்.

அழிப்பது பற்றிய பயம்? பெட்டிக்கு முத்திரை, எண்ணிக்கையோ முகவர்களின் கண்ணெதிரே. அங்கே உட்கார்ந்து சீட்டுச் சீட்டாக ரப்பரால் தேய்ப்பது நடக்கிற காரியமா? கெடுக்க நினைப்பவனுக்குப் பேனாக் குறியும் தடையல்ல. பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு குறி போட்டால் போதும், வாக்கு பாழ். எனவே என் கை பென்சிலுக்கே போகும்.

ஆஸ்திரேலியாவின் 1918 தேர்தல் சட்டம் பென்சில் வைக்க வேண்டும் என்றே சொன்னது. 2020 திருத்தத்துக்குப் பின் அந்தக் கட்டாயம் இல்லை.