தண்டையார்பேட்டையில் ஒரு ஸ்கேன்

தங்கையின் திருமணத்துக்காக மூன்று வார விடுப்பில் ஊருக்கு வந்தேன். வயிற்றில் 14 வாரக் குழந்தை. அதற்குப் பக்கத்திலேயே, இடது சினைப்பையில், 6 செ.மீ. அளவில் ஒரு கட்டி. நான் வசிக்கும் லண்டன் க்ராய்டனில் 12-ஆம் வார ஸ்கேனில்தான் அது கண்ணில் பட்டது. "பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும், 16-ஆம் வாரத்தில் மறுபடி பார்ப்போம், தேதி குறித்துக் கடிதம் வரும்" என்று அனுப்பிவிட்டார்கள். கடிதம் வருவதற்குள் நான் விமானம் ஏறிவிட்டேன்.

நலங்கு வைத்த இரவு இடது அடிவயிற்றில் சுருக்கென்று வலித்தது. ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. ஆனால் அம்மா அடங்கவில்லை. விடிந்ததும் டி.எச். ரோடுக்கு அருகே ஒரு ஸ்கேன் மையத்துக்கு இழுத்துப்போனார்.

"டாக்டர் சீட்டு எங்கே?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். இங்கிலாந்துக் காகிதத்தைக் காட்டினேன். தலையை அசைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. பணம் கொடுக்கத் தயாராக நிற்பவளைத் திருப்பி அனுப்புகிறார்களே என்று. அவள் தலைக்கு மேலேயே பலகை தொங்கியது: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும், அதில் யார் அனுப்பினார் என்ற விவரமும் வேண்டும். குறை அவளிடம் இல்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண் மருத்துவரிடம் சீட்டு வாங்கினோம். 300 ரூபாய், இரண்டு நிமிடம். எங்கே வலித்தது என்றுகூட அவர் கேட்கவில்லை; வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. திரும்பி வந்து படிவத்தை நிரப்பினேன். உயிரோடு இருக்கும் குழந்தைகள் எத்தனை, ஆணா பெண்ணா, என்ன வயது என்று ஒரு கட்டம். "பெண், ஐந்து வயது" என்று எழுதியதும் வரவேற்புப் பெண் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் படிவம் ஏன் இருக்கிறது என்பது அந்தப் பார்வையில் புரிந்தது.

வேகத்தைப் பொறுத்தவரை இங்கிலாந்து பக்கத்தில்கூட வர முடியாது. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவளை 11 மணிக்கு அழைத்தார்கள். பன்னிரண்டரைக்குப் பெரிய உறையில் படங்களும் அறிக்கையும் கைக்கு வந்துவிட்டன. ஆனால் "சிக்கலான கட்டி, 6.4 செ.மீ., புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளவும்" என்ற வரிக்கு அர்த்தம் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. படம் எடுத்தவர் "உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்" என்றதோடு சரி. அதே தளத்தில் இருந்த பரிசோதனைக் கூடத்துப் பையன் மட்டும் ஆர்வமாக வந்து, "சி.ஏ. 125 எடுத்துவிடலாமா அக்கா?" என்றான். சினைப்பைப் புற்றைச் சந்தேகித்தால் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது. எடுத்தேன். மாலையில் செல்பேசிக்கு முடிவு வந்தது: 58. எல்லை 35. பக்கத்தில் மேல்நோக்கி ஒரு சிவப்பு அம்பு.

அம்மா வடிவுடை அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பெரியம்மா அழத் தொடங்கிவிட்டார். நம் மொழியில் ஒரு சங்கடம் உண்டு. நீர் கோத்தாலும் கட்டி, கருப்பையில் தசை திரண்டாலும் கட்டி, சீழ் பிடித்தாலும் கட்டி, புற்று வந்தாலும் கட்டி. பெரியம்மாவின் காதில் விழுந்தது கடைசிக் கட்டி மட்டும்தான்.

மறுநாள் மாலை, தங்கை பிறந்தபோது அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த வயதான மருத்துவரைத் தேடிப் பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். 2021-இல் மெட்ரோவை இந்தப் பக்கம் நீட்டியது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது வலிக்கும் வயிற்றோடு போகிறவர்களுக்குத்தான் தெரியும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் குலுங்காமல் இரண்டு நிறுத்தங்களில் இறங்கிவிட்டோம். சிறிய கிளினிக். டோக்கன் எண் 23. மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்க ஒரு மௌனப் போர் நடந்துகொண்டிருந்தது.

மருத்துவர் முதலில் ரத்த முடிவைத்தான் பார்த்தார். பார்த்ததும் மடித்து ஓரமாக வைத்தார். "கர்ப்பத்திலேயே இது ஏறும். முதல் மூன்று மாதங்களில் இன்னும் அதிகமாக ஏறும். இதை வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது, நீயும் அழத் தேவையில்லை" என்றார். பிறகு மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு பென்சிலால் வரைந்தார். பேரிக்காய் போலக் கருப்பை, இருபுறமும் இரண்டு சினைப்பைகள்.

கருமுட்டை வெளியேறிய இடத்தில் ஒரு சிறு நீர்க்கட்டி உண்டாகுமாம். நஞ்சுக்கொடி பொறுப்பெடுக்கும் வரை கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரான் அங்கிருந்துதான் வருகிறது. வேலை முடிந்ததும் அது சுருங்கிவிடும். ஆரம்பத்தில் தெரியும் கட்டிகளில் பெரும்பாலானவை 16 வாரத்துக்குள் இப்படித்தான் காணாமல் போகின்றன. "உன்னுடையது சுருங்கவில்லை. உள்ளே கொழுப்பும் முடியும் இருப்பது போல நிழல் விழுகிறது. டெர்மாய்டு என்று நினைக்கிறேன். கர்ப்பத்தில் கரையாமல் தங்கும் கட்டிகளில் சகஜமானது. புற்றாக இருப்பது அபூர்வம். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், படம் தெளிவாகத் தெரியப் போடும் மை ஊசி இல்லாமல்."

"முடியா?" என்றார் பெரியம்மா.

"முடி, கொழுப்பு, சில சமயம் பல்கூட இருக்கும். முட்டையாக வேண்டிய செல் வழி தவறி இதையெல்லாம் உண்டாக்கிவிடும். செய்வினை எல்லாம் கிடையாது அம்மா." பெரியம்மா கேட்காத கேள்விக்கும் அதிலேயே பதில் வந்துவிட்டது.

பிறகு என் கைப்பையை வாங்கி, அதன் வாரைப் பிடித்துத் தொங்கவிட்டு, பையை நான்கு சுற்று சுற்றினார். வார் இறுகிக் கயிறாயிற்று. "நான் பயப்படுவது இதற்குத்தான். கனமான கட்டி தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டால் சினைப்பைக்கு ரத்தம் போகாது. கருப்பை மேலே எழும்பும் இந்த வாரங்களில் அது நடக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி என்றால் விடியும் வரை காத்திருக்காதே. இரவிலும் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்கு நேராகப் போ." போகிற வழியில் இருக்கும் சிறிய நர்சிங் ஹோம்களில் நேரத்தை விட வேண்டாம் என்றும் சொன்னார்.

எடுப்பதாக இருந்தால் 14-லிருந்து 20 வாரத்துக்குள் எடுப்பது வசதியாம். அதற்குள் நஞ்சுக்கொடி பொறுப்பெடுத்திருக்கும், கருப்பையும் வழியை அடைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்காது. இங்கேயா, அங்கேயா என்பதை என்னிடமே விட்டுவிட்டார். இரண்டு பக்க மருத்துவர்களும் புரிந்துகொள்ளும்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கட்டணம் 400 ரூபாய். கடிதத்துக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை.

அந்த வாரமே அத்தையின் மருமகளைப் பார்க்க ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போனேன். சவலை ராமசாமி முதலியாரின் கொடையால் எழுந்தது, இப்போது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. வடசென்னையில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள்தான் என்று என் அப்பா சொல்வார்; அது கணக்கு அல்ல, பெருமை. அவளுக்குக் கருப்பையில் நார்க்கட்டி. கர்ப்பத்தில் வேகமாக வளர்ந்து, ரத்தம் போதாமல் உள்ளே சிதைந்து, 20-ஆம் வாரத்தில் வலி கொன்றுவிட்டது. படுக்கையும் வலி மருந்தும் மட்டும்தான் சிகிச்சை. ரத்தம் கொட்டும் என்பதால் கர்ப்பத்தில் நார்க்கட்டியை அறுக்கப் பெரும்பாலும் கை வைக்கமாட்டார்களாம். அவள் கட்டியைத் தொடக்கூடாது, என் கட்டியை எடுக்கலாம். இரண்டையும் பெரியம்மா ஒரே பெயரில்தான் அழைக்கிறார்! மூன்றாம் நாள் அவள் ஒரு ரூபாய் கொடுக்காமல் வீடு திரும்பினாள்.

நான் க்ராய்டனுக்கே திரும்பினேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்த்துக்கொள்ள கணவர் அங்கேதான் இருக்கிறார். அங்கே கடிதத்தையும் படங்களையும் நீட்டியதும், வழக்கத்துக்கு மாறாக நான்கே நாளில் அழைத்தார்கள். 18-ஆம் வாரத்தில் சிறு துளைகள் வழியாகக் கட்டியை மட்டும் எடுத்தார்கள், சினைப்பை தப்பியது. டெர்மாய்டுதான், புற்று இல்லை என்று அறிக்கை வந்தது. குழந்தை உள்ளே உதைத்துக்கொண்டிருக்கிறது.

செய்தி சொல்லப் பெரியம்மாவை அழைத்தேன்.

"பல் இருந்ததா?" என்றார்.

"இல்லை பெரியம்மா, ஒரு கொத்து முடி மட்டும்தான்."

"ஓ" என்றார். கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.