மூன்று சூனியக்காரிகளும் ஒருவரே: 'தி டிராஜடி ஆஃப் மேக்பெத்'

ஷேக்ஸ்பியரின் நாடகத்தை வைத்து 2021-இல் ஜோயல் கோயன் எடுத்த இந்த மேக்பெத் ஆப்பிள் டிவியில் இருக்கிறது. சூனியக்காரிகளின் வாக்கை நம்பி, தன் அரசன் டங்கனைக் கொன்று அரியணை ஏறும் தளபதி மேக்பெத்தின் கதை. கருப்பு வெள்ளை, ஏறக்குறைய சதுரமான திரை, முழுக்க செட் போட்டு எடுத்த படம். ஷேக்ஸ்பியர் என்றாலே ஒதுங்கிப் போகிறவர்களும் சூனியக்காரிகளுக்காக இதைப் பார்த்துவிட வேண்டும்.

மூன்று பேரையும் கேத்ரின் ஹண்டர் ஒருவரே செய்திருக்கிறார். மணலில் குந்திக்கொண்டு கையையும் காலையும் முறுக்கி அவர் ஒரு காகமாகவே மாறுவதும், ஒரே வாயிலிருந்து மூன்று ஆட்களின் குரல் வருவதும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. அப்புறம் மேக்பெத் எதிரே வந்து நிற்கும்போது கரையில் இருப்பவள் ஒருத்திதான், தண்ணீரில் தெரிவதோ இரண்டு பேர். எது ஆள், எது நிழல் என்று நாமும் குழம்பிப் போகிறோம்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்போம். நாடகத்தில் டங்கன் அரசன் நேர் எதிராக, முகத்தைப் பார்த்து மனதைப் படிக்க வழியே இல்லை என்கிறான், தன்னை ஏமாற்றிய பழைய காடர் பிரபுவை நினைத்து. சொல்லி முடித்ததும் மேக்பெத் உள்ளே வர, அவனையும் அப்படியே நம்பிவிடுகிறான். படம் முழுக்க இந்த ஏமாற்றம்தான்: இருட்டுத் தாழ்வாரத்தின் கோடியில் மின்னும் கத்தி கிட்டே போனால் கதவின் கைப்பிடி. எல்லாருக்கும் நல்லவனாக நடமாடும் பிரபு ராஸ், மேக்பெத் தன் நண்பன் பாங்கோவைக் கொல்ல ஏவுபவர்களில் மூலத்தில் யாரென்றே சொல்லாத அந்த மூன்றாவது கொலையாளியாக இங்கே வந்து நிற்கிறான். ராஸாக நடிக்கும் அலெக்ஸ் ஹாசெலின் முகத்தில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. இந்த மாற்றம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

சூனியக்காரிகள் சொல்வது எதுவும் பொய்யாகிவிடுவதில்லை, பயமே அங்கேதான் இருக்கிறது. பர்னாம் காடு நகர்ந்து வரும்வரை உனக்குத் தோல்வி இல்லை என்ற வாக்கை மேக்பெத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறான், வீரர்கள் கிளைகளை வெட்டிப் பிடித்துக்கொண்டு வருவார்கள் என்று எவன் நினைப்பான்!

குறை என்றால் லேடி மேக்பெத்தின் சரிவு. ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட் அவ்வளவு நிதானமாகக் கட்டிய பாத்திரம் திடீரென்று உடைந்துவிடுகிறது, இன்னும் இரண்டு காட்சியாவது கொடுத்திருக்கலாம். மேக்பெத்தாக வரும் டென்சல் வாஷிங்டன் முக்கியமான வரிகளையும் தனக்குள் முணுமுணுப்பதுபோல் பேசுகிறார், அது அழகுதான், ஆனால் பழைய ஆங்கிலம் பழகாதவர்கள் சப்டைட்டில் போட்டே பார்க்கவேண்டும். போனில் பார்க்காதீர்கள், விளக்கை அணைத்துவிட்டுப் பெரிய திரையில் பாருங்கள், இல்லையென்றால் பாதி நிழல்கள் கண்ணுக்கே தெரியாது.