அண்ணனுக்குக் கம்பீரம், எனக்கு மெழுகு

அண்ணனுக்கு 58 வயது, எனக்கு 56. இருவரும் சேர்ந்து படம் எடுத்து வெகுகாலம் ஆயிற்றே என்று ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். கைக்கு வந்த படத்தில் அவர் எனக்கு அப்பாவைப் போல உட்கார்ந்திருக்கிறார்.

படம் எடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். செல்போனைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்து எடுத்தால் மூக்கு மட்டும் பெரிதாக முன்னால் வந்து நிற்கும். குற்றம் மூக்கினுடையதல்ல, தூரத்தினுடையது. இவர் 85 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டிக்கொண்டு ஏழெட்டு அடி பின்னால் போய் நின்றார். ஜன்னல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிட்டார். கேமராவின் திரையில் பார்த்தபோது எனக்கு என்னைப் பிடித்திருந்தது. அது அடிக்கடி நடப்பதில்லை.

கெடுத்தது படத்தைத் திருத்தும் அடுத்த அறை. உதட்டுக்கு மேலிருந்த மச்சத்தைக் காணோம். கன்னம் இரண்டு படி வெளுத்திருந்தது. காது மட்டும் என் பழைய நிறத்திலேயே தங்கிவிட்டது. தோலில் ஒரு மயிர்க்கால்கூட இல்லை. மேல்கையையும் ஒடுக்கியிருந்தார்கள். பின்னாலிருந்த ஜன்னல் கம்பிகள்தான் காட்டிக்கொடுத்தன. என் கைக்கு அருகிலிருந்த இரண்டு மட்டும் உள்பக்கமாக வளைந்திருந்தன. ஃபோட்டோஷாப்பில் உருவத்தை இழுத்து ஒடுக்கும் லிக்விஃபை கருவியைக் கவனமில்லாமல் ஓட்டினால் சதையோடு பக்கத்திலிருப்பதையும் இழுத்துவிடும். எனக்காக இரும்பே வளைந்துகொடுத்திருக்கிறது!

அண்ணனின் நரை, நெற்றிக்கோடு, கண்ணுக்குக் கீழே தொங்கும் பை எல்லாம் அப்படியே இருந்தன. கேட்டேன்.

"சாருக்கு அது கம்பீரம், மேடம்," என்றார் திருத்தம் செய்த இளைஞர்.

"எனக்கு?"

"பெண்கள் எல்லாரும் செய்யச் சொல்வார்கள்."

"நான் சொன்னேனா?"

ஆர்டர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். அளவுக்கும் தாளுக்கும் சட்டத்துக்கும் கட்டங்கள் இருந்தன. திருத்தத்துக்கு ஒரு கட்டமும் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருபது வயதில் நானே கூடுதல் பணம் கொடுத்து மச்சத்தை எடுக்கச் சொல்லியிருப்பேன்.

பிரான்சில் 2017 அக்டோபரிலிருந்து, விளம்பரப் படத்தில் மாடலின் உடலை மெலிதாக்கியோ பருமனாக்கியோ காட்டினால் 'திருத்தப்பட்ட படம்' என்று குறிப்பிட வேண்டும். நார்வேயில் 2022 ஜூலையிலிருந்து இப்படியொரு விதி இருக்கிறது. சமூக ஊடகத்தில் பணம் வாங்கிக்கொண்டு போடும் படங்களும் அதில் அடக்கம். என் வீட்டுச் சுவரில் தொங்கப்போகும் படத்துக்கு எந்தச் சட்டம் வரும்?

முகம் சுளிக்காமல், காசும் வாங்காமல் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தார்கள். மச்சம் திரும்பிவிட்டது, கம்பிகள் நிமிர்ந்துவிட்டன. கண்ணுக்குக் கீழே மட்டும் லேசாகத் துடைத்திருக்கிறார், கைப்பழக்கம் போலிருக்கிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

படம் எடுத்ததற்கு ஐந்துக்கு ஐந்து, திருத்தத்துக்கு ஒன்று. போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் பேனாவை வாங்கி, படிவத்தின் ஓரத்தில் எதைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.