சலாது விதைப் பக்கற்: திருகோணமலை வெக்கைக்கு ஏற்றதா?

திருகோணமலை நகரிலுள்ள விவசாயப் பொருட்கடை ஒன்றில் வாங்கிய, தலை கட்டாத (கோவா போல் உருண்டு திரளாத) சலாது இனத்தின் விதைப் பக்கற்றைப் பற்றிய மதிப்பீடு இது. விதையில் குறை சொல்ல எதுவுமில்லை. முளைத்த நாற்றுகள் ஒரே சீராக வளர்ந்து, ஓரம் சுருண்ட இளம்பச்சை இலைகளைத் தாராளமாகத் தந்தன. ஆனால் பக்கற்றின் பின்புறக் குறிப்புகள் குளிரான மலைநாட்டு நுவரெலியாவிலோ வெலிமடையிலோ தோட்டம் செய்பவருக்கே பொருந்தும். கடலோர வெப்பத்தில் அவற்றை அப்படியே பின்பற்றுபவர், நல்ல விதையைப் பழுதென்று எண்ணி எறிந்துவிடக்கூடும்.

விதையை ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுமாறு குறிப்பு கூறுகிறது. ஒரு கிராமில் ஏறக்குறைய ஆயிரம் இருக்கும் அளவுக்கு நுண்ணியதும், பல இனங்களில் முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டுவதுமான விதைக்கு அது மிகையான ஆழம். தும்புச்சோறும் கூட்டெருவும் கலந்து நனைத்த நாற்றுத் தட்டில் மேலாகத் தூவி, மூடியும் மூடாததுமாக மெல்லிய படையொன்றை இட்டால் போதும்.

வெப்பநிலை பற்றி ஒரு சொல்லும் இல்லாததுதான் பெரிய குறை. 15 முதல் 20 பாகை செல்சியசில் செழிப்பாக முளைக்கும் இவ்விதை, மண் 30 பாகையை நெருங்கும்போது உறங்குநிலைக்குப் போய்விடும்; இங்கோ ஆண்டின் பெரும்பகுதியில் பகல் வெப்பம் அந்த அளவைத் தாண்டுகிறது. விதையை ஈரத் தாளில் பொதிந்து குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓரிரு நாட்கள் வைத்து, வெயில் தாழ்ந்த பின்னர் விதைப்பதே இதற்கு வழி. விதை நீரை உறிஞ்சும் முதல் மணித்தியாலங்களே வெப்பத்தால் அதிகம் பாதிக்கப்படுபவை என்பதால், மாலையில் விதைத்தால் அந்த நேரம் இரவுக் குளிர்ச்சியில் கழிந்துவிடும்.

ஆண்டு முழுவதும் பயிரிடலாம் என்ற வாசகத்தை நான் ஏற்கவில்லை. ஒக்டோபரில் நாற்றுமேடை போட்டு, வாடைக்காற்று வீசும் மாதங்களில் இலை பறிப்பதே எம்மூருக்குப் பொருந்தும். மாரி மழை கொட்டும்போது தாழ்ந்த பாத்தியில் செடி அழுகும். ஆகவே உயர்பாத்தி அமைத்து, மேலே தெளிந்த பொலித்தீன் கட்டுவது அவசியம். மே மாதத்திலிருந்து கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால், பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலையின் கீழும் செடி தண்டு நீட்டிப் பூக்க முனைகிறது. இலையை ஒடித்தால் வரும் வெள்ளைப் பால் மிகுந்து, கசப்பு வாயில் வைக்க முடியாததாகிறது. அத்துடன் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் நிலத்தில் ஈரம் நிற்பதில்லை. சலாதின் வேரோ ஆழம் போகாதது. கோடையில் உவர்ப்பேறும் கிணற்று நீரை ஊற்றினால் இலையோரம் கருகும். அந்த மாதங்களில் பொன்னாங்காணியும் வல்லாரையும் இருக்க, சலாதுக்காக நீரை வீணாக்கத் தேவையில்லை.

செடிக்குச் செடி 20 முதல் 25 சென்ரிமீற்றர் இடைவெளி என்ற குறிப்பு மட்டும் மிகச் சரியானது. வெளியிலைகளைக் காலையில் ஒடித்தெடுத்து நடுக்குருத்தை விட்டுவைத்தால், ஒரே செடி பல வாரங்களுக்கு இலை தரும்.

மாரிக்கு முன் வாங்குபவருக்கு இந்தப் பக்கற்றைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பொதி செய்த திகதி தெளிவாக அச்சிடப்படாததால், கடை வாசலில் வெயில்படத் தொங்குபவற்றை விட்டு, உள்ளே நிழலில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மீதியைக் காற்றுப்புகாத போத்தலில் அடைத்துக் குளிரில் வைத்தால், அடுத்த மாரிக்கும் அது பயன்படும்.