சி மொழிக்கு எந்தப் புத்தகம்: கெர்னிகன்-ரிச்சியா, கனேட்கரா?

சி என்ற புரோகிராமிங் மொழியைப் படிக்க உட்காருபவர் கையில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். பிரையன் கெர்னிகனும், மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியும் எழுதிய ‘தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்’ 1978இல் வந்தது. இப்போது படிக்கப்படுவது 1988இன் இரண்டாம் பதிப்பு. 300 பக்கம்கூட இல்லை. இன்னொன்று யஷவந்த் கனேட்கரின் ‘லெட் அஸ் சி’, நம் ஊர்ப் பொறியியல் மாணவர்களுக்குப் பழகிய தடிப் புத்தகம்.

கனேட்கர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவது போல எழுதுகிறார். பயிற்சிக் கணக்குகளும் நிறைய. ஆனால் பழைய பதிப்பை வாங்கிவிடாதீர்கள், அது டர்போ சி என்ற பழைய கம்பைலர் (எழுதிய புரோகிராமைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) காலத்தது. அதில் புரோகிராமின் தலையில் சேர்க்கச் சொல்லும் ‘கோனியோ.ஹெச்’ ஃபைலை லினக்ஸில் ஜிசிசி கம்பைலரிடம் கொடுத்தால், அப்படியொரு ஃபைலே இல்லை என்று ஆரம்பத்திலேயே நின்றுவிடும்.

கெர்னிகன்-ரிச்சி படு சிக்கனம். ஒரு ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துகளின் தொடரை, நகலெடுக்கும் ஃபங்ஷனை முதலில் அரே (வரிசை எண்ணால் எடுக்கும் பட்டியல்) வைத்து எழுதிக் காட்டுவார்கள். அப்புறம் பாயிண்டருக்கு (மெமரியில் ஓர் இடத்தின் முகவரியை வைத்திருப்பது) மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, கடைசியில் உள்ளே எதுவுமே இல்லாத ஒற்றை ‘வைல்’ லூப் வரியாக்கிவிடுவார்கள். பாயிண்டர் எனக்குப் பிடிபட்டது அங்கேதான். அந்தப் பக்கத்தை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். இந்தப் புத்தகத்துக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் ‘கெட்லைன்’ என்று பெயர் வைத்த ஃபங்ஷன், இன்று லினக்ஸ் லைப்ரரியில் இருக்கும் அதே பெயரோடு மோதும். பெயரை மாற்றினால் சரி.

புரோகிராமே எழுதியிராதவர் கனேட்கரில் தொடங்கலாம். பைத்தானோ ஜாவாவோ தெரிந்தவர் நேராகக் கெர்னிகன்-ரிச்சிக்குப் போகலாம்.