மின்சைக்கிளில் வேலைக்குப் போக எந்தப் பாதை?

சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் முன்னால் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கும். பெருஞ்சாலை ஓரத்தில் வெள்ளைக் கோடு இழுத்து ஒதுக்கிய தடம் ஒன்று. கல்விளிம்பு எழுப்பியோ தூண்கள் நட்டோ வாகனங்களிடமிருந்து பிரித்த தனிப்பாதை இன்னொன்று. ஆற்றங்கரையிலும் பூங்காவிலும் கைவிடப்பட்ட ரயில் தடத்திலும் நடப்பவர்களோடு பகிர்ந்துகொள்ளும் பசுமைப் பாதை மூன்றாவது. வாகனம் குறைந்த உள்தெருக்கள் நான்காவது. யாரைக் கேட்டாலும் பசுமைப் பாதைக்குத்தான் முதலிடம் கொடுப்பார்கள். கார் கிடையாது, ஹாரன் கிடையாது, நிழல் உண்டு. சாதாரண சைக்கிளுக்கு நானும் அதை மறுக்க மாட்டேன். மின்சைக்கிளில், அதுவும் அலுவலக நேரத்தில் போகிறவர் அதைக் கடைசிக்கு முந்தைய இடத்தில் வைக்க வேண்டும் என்பதே என் கட்சி. கடைசி இடம் வெள்ளைக் கோட்டுக்கு.

காரணம் வேகத்தில் இருக்கிறது. நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறார், நிதானமாக மிதிப்பவர் 15. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மின்சைக்கிளின் மோட்டார் மிதிப்பவருக்கு மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை உதவலாம். 15-க்கும் 25-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டு, காய்ந்த தரையில் சுமாரான பிரேக்கோடு கணக்குப் போட்டால், 15-இல் வருகிறவர் ஏறத்தாழ ஆறரை மீட்டரில் நிற்கிறார். 25-இல் வருகிறவருக்குப் பதின்மூன்று மீட்டர் வேண்டும். மோதினால் அந்த மோதலின் ஆற்றல் ஏறக்குறைய மூன்று மடங்கு. பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து வண்டியின் எடையைப் பல நேரம் 20 கிலோவுக்கு மேல் கொண்டுபோவதை இதில் சேர்க்கவேயில்லை.

இனி அந்தப் பாதையைப் பாருங்கள். அது உலாவுவதற்காகப் போடப்பட்டது. மரத்தைச் சுற்றியும் கரையை ஒட்டியும் வளைந்து வளைந்து போகும். வளைவின் உட்பக்கத்தில் புதர். பதின்மூன்று மீட்டருக்குப் பார்வை எட்டாத வளைவுகள் அங்கே சர்வசாதாரணம். நால்வர் பேசிக்கொண்டே கைகோத்து நடப்பார்கள், குழந்தை பந்தைத் துரத்தும், நாய் ஒரு பக்கம், அதைப் பிடித்தவர் மறுபக்கம், நடுவில் கண்ணுக்குத் தெரியாத கயிறு. இதில் எதுவுமே அவர்கள் தப்பு இல்லை. அந்த இடம் அவர்களுக்கானது. போதாததற்கு வேர்கள் தள்ளி மேடாக்கிய தார், ஈர இலைகள், கார் நுழையாமலிருக்க வாசலில் நட்ட கம்பம். முன்னால் போகிறவரின் முதுகு மறைக்கும் அந்தக் கம்பத்தில் மோதித் தனியாக விழுகிறவர்கள் உண்டு என்பதால்தான், சைக்கிள் ஓட்டுவது சகஜமான நெதர்லாந்திலேயே தேவையில்லாத கம்பங்களைப் பிடுங்கிவருகிறார்கள்.

இருட்டிய பிறகு கதையே வேறு. விளக்கில்லாத, ஆளில்லாத ஒரு கிலோமீட்டரை, நடுவில் வெளியேற வழி இல்லை என்று தெரிந்தே கடக்க யாருக்குத்தான் மனம் வரும்? பெண்களில் பலர் மாலையில் இந்தப் பாதையைத் தவிர்ப்பதை ‘பயம்’ என்று ஒதுக்குவது நியாயமில்லை. பகலில் ஒரு வழி, இரவில் ஒரு வழி என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வெள்ளைக் கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோடு எந்தக் காரையும் தடுக்காது. நிறுத்தி வைத்த கார்களை ஒட்டிப் போட்ட ஒன்றரை மீட்டர் தடமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: காரின் கதவு திறந்தால் ஒரு மீட்டர் வரை வெளியே நீளும். ஆக, கோட்டுக்குள் ஒழுங்காகப் போகிறவர்தான் கதவில் மோதுகிறார். காரில் இருப்பவர் கதவுக்கு எதிர்ப்பக்கக் கையால் திறந்தால் உடல் தானாகத் திரும்பி, பின்னால் வருகிறவரைக் கண்ணில் காட்டும். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு 2022 திருத்தத்தில் இந்தப் பழக்கத்தைச் சேர்த்தது. நல்ல யோசனைதான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் கைப்பழக்கத்தை நம்பி ஒரு தடத்தை முதுகெலும்பாக வைக்க முடியாது.

தனிப்பாதைதான் சரி என்று சைக்கிள் சங்கத்தார் சொல்வார்கள். நானும் ஏறக்குறைய அதே பக்கம்தான். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் சாலையின் இரு ஓரமும் ஒருவழிப் பாதைகள், காருக்கும் அவற்றுக்கும் இடையில் ஒரு படி உயரம். எழுபது வயதுக்காரரும் பள்ளிச் சிறுமியும் அதில் போகிறார்கள். பாதையை மதிப்பிட அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே பாதை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைப் பார்த்து மயங்கக் கூடாது; சந்திப்பில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். நெடுகத் தடுப்புப் போட்டு, திருப்பத்தில் மட்டும் அதை எடுத்துவிட்டால், அதுவரை கண்ணில் படாத சைக்கிள் திரும்பும் லாரியின் பக்கவாட்டில் முளைக்கிறது. நெதர்லாந்து முறையில் மூலையில் ஒரு சிறு திட்டு வைத்து, சைக்கிள் குறுக்கே போகும் இடத்தை ஒரு கார் நீளம் உள்ளே தள்ளுகிறார்கள். திரும்பி முடித்த ஓட்டுநருக்குச் சைக்கிள் நேர் எதிரே தெரிகிறது, நின்று வழிவிட அவருக்கும் இடம் இருக்கிறது. இந்தத் திட்டு உங்கள் வழியில் இல்லையென்றால் தடுப்பு தரும் நிம்மதியில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். சாலையின் ஒரே பக்கத்தில் இருவழியாக ஓடும் தனிப்பாதையில் இன்னொரு சிக்கல்: கிளைத்தெருவிலிருந்து வரும் கார்க்காரர் வாகனம் வரும் திசையை மட்டும் பார்த்துவிட்டு நகர்வார். எதிர்த்திசையிலிருந்து 25-இல் வரும் மின்சைக்கிள் அவர் கணக்கிலேயே இல்லை.

மேலும், நல்ல தனிப்பாதை நிரம்பிவிடும். முன்னால் இருவர் இணையாகப் போகிறார்கள், முந்த இடமில்லை, மோட்டார் சும்மா கிடக்கிறது. கோபன்ஹேகனின் நோர்ரேப்ரோ சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் போகிறவருக்குத் தொடர்ந்து பச்சை கிடைக்கும்படி சிக்னல்களைக் கோத்தார்கள். 25-இல் பறந்தால் சிவப்பில் போய் நிற்க வேண்டியதுதான். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதட்டாமலே ஆளை அடக்குகிறது.

உள்தெருக்களை யாரும் பேசுவதில்லை. சாதாரண சைக்கிளில் அவற்றின் மேல் மூன்று புகார்கள் நியாயமாகவே எழும்: சுற்றுவழி, ஏற்றம், ஒவ்வொரு முனையிலும் நின்று கிளம்புவது. நின்று கிளம்புவதுதான் காலை முறிக்கும். மோட்டார் இந்த மூன்றையும் துடைத்துவிடுகிறது. ஒரு கிலோமீட்டர் சுற்று என்பது 20-இல் மூன்றே நிமிடம். ஆகவே மின்சைக்கிள் வாங்கியவர் பழைய வழியிலேயே இன்னும் வேகமாகப் போவதைவிட, முன்பு கட்டுப்படியாகாத அமைதியான தெருக்களுக்கு மாறுவதில்தான் லாபம். காருக்கும் இங்கே வேகம் குறைவு என்பதால் இருவரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் போகிறார்கள். நெதர்லாந்தின் சைக்கிள் தெருக்களில் சிவப்புத் தார் போட்டு, ‘கார் இங்கே விருந்தாளி’ என்று பலகை வைப்பதும் இதற்காகத்தான். ஒரு நிபந்தனை உண்டு: பெருஞ்சாலை நெரிசலுக்குக் குறுக்குவழியாகக் கார்கள் பாயும் தெருவென்றால் இந்தப் புகழ் எதுவும் அதற்குப் பொருந்தாது.

வண்டிகளும் ஒன்றல்ல. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மூன்று வகுப்புகள்: மிதித்தால் மட்டும் மணிக்கு 20 மைல் வரை உதவுவது, மிதிக்காமல் கைத்திருகியாலும் (த்ராட்டில்) அதே வேகத்துக்கு ஓடுவது, மிதித்து 28 மைல் வரை போவது. கடைசி வகை கிட்டத்தட்ட 45 கிலோமீட்டர். நெதர்லாந்தில் அந்த வேகத்து வண்டி 2017 முதல் மொபெட் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஹெல்மெட்டும் எண்பலகையும் கட்டாயம். பசுமைப் பாதையில் அதற்கு வேலையே இல்லை. மோட்டாரின் வேகப் பூட்டை உடைத்து வேகம் கூட்டிய வண்டிக்கும் அப்படியே. வகுப்பைவிட நான் கவனிக்கச் சொல்வது உள்ளே இருக்கும் உணரியை (சென்சார்). மிதி சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் மலிவான உணரி தாமதமாகத் தள்ளத் தொடங்கி, நீங்கள் நிறுத்திய பின்னும் ஒரு கணம் தள்ளும். காலின் அழுத்தத்தை அளக்கும் உணரி நீங்கள் கொடுத்த அளவுக்கே பெருக்கித் தருகிறது. குழந்தைகள் நடுவே நடைவேகத்தில் ஊர்ந்து போக இரண்டாவதுதான் பணியும்.

நடத்தை என்று பார்த்தால் மணியா குரலா என்பது பழைய வழக்கு. முதுகுக்குப் பின்னால் வந்து மணியடித்தால் நடப்பவர் திடுக்கிட்டு, வரும் பக்கமே துள்ளுவார். இருபது, முப்பது மீட்டருக்கு முன்பே ஒருமுறை மணி, நெருங்கியதும் ‘முந்துகிறேன்’ என்று சாதாரணக் குரல், முந்தும்போது கையெட்டாத இடைவெளி. திரும்பிப் பார்க்கவில்லையா? இயர்போன் இருக்கலாம், காது கேளாமலும் இருக்கலாம்; பின்னாலேயே மெல்லப் போவதைத் தவிர வேறு உரிமை நமக்கில்லை. முன்விளக்கைத் தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். எதிரே வருகிறவரின் கண்ணில் அடித்துவிட்டு அவர் ஒதுங்கவில்லை என்று கோபிக்கிறார்கள். சிக்னலில் நிற்கும்போது மிதியின் மேல் கால் ஓய்ந்திருந்தால் சில வண்டிகள் தாமாகத் துள்ளும். பிரேக்கைப் பிடித்தே நில்லுங்கள்.

உள்தெரு இல்லை, தனிப்பாதை இல்லை, மிச்சமிருப்பது அதிவேகச் சாலையும் பசுமைப் பாதையும்தான் என்றால் தயங்காமல் பசுமைப் பாதையையே எடுங்கள். மோட்டார் உதவியை மிகக் குறைந்த படிக்கு இறக்கி, வேகத்தை 15-க்குள் வையுங்கள். ஐந்து கிலோமீட்டருக்கு, 25-இல் போவதைவிட எட்டு நிமிடம் கூடுதலாகும்.